அடுக்குக் கட்டில் டெண்டர்

சைட் கேம்ப்,
திப்ருகர் மாவட்டம், அஸ்ஸாம்
9 ஆகஸ்ட் 2004

ஐவி,

நேற்று நீ போனைப் பட்டென்று வைத்த சத்தம் பூத்காரருக்கே கேட்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மொழியா வேண்டும்? வெல்டர் பையன்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இனிமேல் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. ஆகவே எழுதுகிறேன். எழுத்து என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

நான் கேட்டது ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் வெல்டிங் ஷெட் போனில் அவ்வளவு நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்? இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், இருவரும் ஜெபம் பண்ணுவோம், அப்புறம் டெண்டரை அனுப்பு, மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சொன்னபடி கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. மூன்று தாண்டியும் எங்கேஜ்டு. உன் தங்கை சுவிசேஷக் கூட்டத்துக் கதையெல்லாம் அன்றைக்குத்தான் சொல்ல வேண்டுமா?

நமக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜெபிக்காமல் ஒரு டெண்டர் போட்டதுண்டா? காகித உறைக் காலத்தில் மேஜைமேல் உறையை வைத்து, அதன்மேல் உன் கையையும் என் கையையும் வைத்து ஜெபித்த பிறகுதான் அரக்கை உருக்குவேன். கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் கர்த்தர் வேண்டாமா? அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

அந்த ஆர்டர் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். ஜவான்கள் விடுதிக்கு அடுக்குக் கட்டில். நம் நாச்சாரம் ஷெட்டுக்கு ஒரு வருடம் மூச்சுவிட முடியாத வேலை. அது வந்துவிட்டால் இங்கே ராஜினாமாவை வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதாக இருந்தேன். ஷெட்டில் வேலை இல்லை என்றுதானே இந்த மழைக்காட்டுக்கு வந்தேன்? கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவேன் என்று பிளெசிக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் குழந்தைக்கு என்ன சொல்லப் போகிறாய்?

மழை விடவில்லை. சாப்பாடு எல்லாம் கடுகெண்ணெய். உடம்பு சுமார்.

கிதியோன்

---

திருமுல்கேரி
சிகந்திராபாத்
19 ஆகஸ்ட் 2004

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பு இருக்கிறது, அதனால்தான் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

யாரோடு பேசினேன் என்றா கேட்கிறீர்கள்? தங்கையோடு இல்லை. பக்கத்து வீட்டு ராஜம் மாமியோடும் இல்லை. உங்கள் போன் வரும், வரும் என்று அந்த டெலிபோனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான், நம் ஷெட்டில் இன்டர்நெட் எந்த ஒயரில் வருகிறது? மோடம் பெட்டியை வாங்கி, டெலிபோன் ஒயரில் சொருகி, "இனிமே நம்மளும் ஹைடெக்கு" என்று மார்தட்டியது யார்? நெட் போட்டால் போன் செத்துவிடும். கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்டுதான் கேட்கும்.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்று கேட்பீர்கள். தெரியும். "நெட்ட கட் பண்ணுங்க, அப்பா போன் பண்ணுவார்" என்று உங்களிடம் எத்தனை நாள் கத்தியிருப்பேன். அன்றைக்கு என் மூளை எந்த மாட்டுக்குப் புல் போடப் போனதோ! நடந்ததைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே நெட்டைப் போட்டு எல்லாத் தாளையும் ஏற்றிவிட்டேன். விலைப் பட்டியல், கட்டில் வரைபடம், கம்ப்யூட்டரில் சொருகுகிற உங்கள் கையெழுத்துச் சாவி, எல்லாம். கடைசியாக ஒரே ஒரு பட்டன், 'சமர்ப்பி' என்று, அதுதான் பாக்கி. அதை ஜெபத்துக்குப் பிறகு அழுத்தலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நம் வெல்டர் ஆரோக்கியசாமி அண்ணன் இரண்டரைக்கு எட்டிப் பார்த்தார். "பாப்பா, போனு உசுரோட இருக்குதா பாரேன்" என்று ரிசீவரை எடுக்கப் போனார். "அண்ணா, தொடாதீங்க, நெட் அறுந்துரும்" என்று அலறினேன். அத்தான், அந்த வாயால் அதைச் சொல்லிவிட்டு, அதே வாயைப் பொத்திக்கொண்டு, அதே போன் அடிக்கும் என்று காத்திருந்தேன்! இதைவிட ஒரு கழுதை திருமுல்கேரியிலிருந்து நாச்சாரம் வரை தேடினாலும் கிடைக்காது. கழுதையைக் கட்டிக்கொண்டவரும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கேஜ்டு என்றதும் உங்களுக்கு மோடம் ஞாபகம் வரவில்லை, என் தங்கைதான் ஞாபகம் வந்தாள்.

மூன்றடிக்கும் நேரத்தில் பயம் வந்து, தனியாகவே கண்ணை மூடி, "ஆண்டவரே" என்ற ஒரு வார்த்தையோடு பட்டனை அழுத்தினேன். திரை சுற்றியது, சுற்றியது. மூன்று தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. மறுநாளே ஆபீசிலிருந்து தாள் வந்துவிட்டது: காலம் கடந்து வந்தது, பரிசீலிக்க இயலாது.

நான் சும்மா விடவில்லை. தார்நாகாவில் கிருஷ்ணபிரசாத் என்று ஒரு வக்கீல், டெண்டர் தகராறுகள் எல்லாம் பார்ப்பவர். அவரை வைத்து ஆட்சேப மனு கொடுத்திருக்கிறேன். அவர் சொல்லும் வாதம் நன்றாக இருக்கிறது: மூன்று மணிக்கு முன்பே நம் தாளெல்லாம் அவர்கள் மெஷினுக்குள் போய்விட்டதாம். பெட்டி அவர்கள் வீட்டுக்குள்தான் இருந்தது, மூடி போடத்தான் தாமதம். அப்படியென்றால் எப்படி லேட் என்பார்கள்? விசாரணைக்குக் கூப்பிடும்வரை வேறு யாருக்கும் ஆர்டர் கொடுக்க மாட்டார்களாம்.

பிளெசிக்கு என்ன சொன்னேன் என்று கேட்டீர்களே. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அவளே "டாடி எப்புடு வஸ்தாரு?" எனத் தெலுங்கில் காலையிலும் மாலையிலும் கேட்கிறாள். தமிழில் கேள் என்றால் "நக்கோ", மாட்டேன் என்கிறாள். பதிலை நீங்களே எழுதுங்கள்.

கோபம் முக்கால்வாசி இறங்கிய,
ஐவி

---

சைட் கேம்ப்
30 ஆகஸ்ட் 2004

பிரியமான ஐவி,

உன் கடிதம் தண்ணீரில் ஊறி வந்தது. ஆற்றில் வெள்ளம், தபால் பையைப் படகில் கொண்டுவருகிறார்கள். மோடம் என்ற வார்த்தையைப் படித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர், கல்கத்தாவிலிருந்து பிட்டர் வேலைக்கு வந்தவர், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் தலையில் ஒன்றும் இல்லை என்றேன்.

உன் தங்கையைப் பற்றி எழுதியதை அவளிடம் காட்டிவிடாதே.

அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பூத்தில் வரிசை. ஒருமுறை எண்களை அழுத்தி எங்கேஜ்டு வந்தால் வெளியே வந்து வரிசையின் வாலில் நிற்க வேண்டும், அதுதான் இங்கே சட்டம். மறுபடி முறை வரும், மறுபடி அதே டொக் டொக் சத்தம். கடைசி முறை ரிசீவரை வைக்கவில்லை. அந்தச் சத்தத்தையே காதில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டேன். நீ மறுமுனையில் இருப்பதுபோல் நினைத்துக்கொண்டேன். ஆமென் சொல்லித் திரும்பினால் ஒரு டிரைவர், "பேசி முடிச்சாச்சா தாதா?" என்கிறார் ஹிந்தியில். முடிந்தது என்றேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

வக்கீல் சொல்லும் வாதம் அருமை. பெட்டி அவர்கள் வீட்டுக்குள்! இதை நான் படுத்தபடி பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஜெயித்துவிடுவோம் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் மேனேஜரிடம் ஜாடையாகச் சொல்லி வைத்துவிட்டேன், அநேகமாக நவம்பரில் கிளம்புவேன் என்று. அவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு தகரக் கொட்டகையில் ஆராதனை. தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள், ஒரு வார்த்தை புரியாது. நான் ஓரமாக நின்று வாயசைக்கிறேன். பாட்டில் நீ எப்போதும் என்னைவிட அரை அடி முந்திப் போவாய், நான் உன்னை முறைப்பேன். இங்கே முந்திப் போக ஆள் இல்லாமல் எனக்குப் பாட வரவில்லை. இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன். கடிதத்தில் வந்துவிட்டது.

பிளெசிக்கு: டாடி சீக்கிரம் வருவார். தமிழில் கேட்டால் இன்னும் சீக்கிரம் வருவார்.

உன் அத்தான்,
கிதியோன்

---

திருமுல்கேரி
10 செப்டம்பர் 2004

என் அத்தானுக்கு,

அரை அடி முந்திப் பாடுகிறேனா? நீங்கள்தான் ஒரு அடி பிந்திப் பாடுகிறீர்கள். சபையில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.

கேலி இருக்கட்டும். ஒரு அவசரமான விஷயத்துக்கு உங்கள் பதில் வேண்டும். மனு மேல் விசாரணை செப்டம்பர் முப்பதாம் தேதி காலை. டெண்டர் அதிகாரி புருஷோத்தமன் என்பவர், நம் தமிழ்க்காரர்தான், அவரே கேட்டு முடிவு சொல்லிவிடுவாராம். எதிரில் இன்னொரு கம்பெனியும் வரும். நம்முடையதைச் சேர்த்தால் அவர்கள் ஆர்டர் போய்விடுமோ என்று அவர்களுக்குப் பயம்.

நேற்று வக்கீல் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். பெட்டி, வீடு, மூடி எல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம் என்கிறார் இப்போது. "மேடம், அவங்க கேக்கற மொதல் கேள்வி, எல்லாம் ஏத்தினவங்க பட்டன ஏன் அமுக்கலன்னுதான். அதுக்கு ஒரு பதில் வேணும்" என்றார். பதிலையும் அவரே டைப் அடித்து வைத்திருந்தார். பிரமாணப் பத்திரம். 'பிற்பகல் இரண்டு மணி முதல் விடாமல் முயன்றேன், அரசின் இயந்திரம் ஏற்கவில்லை' என்று ஒரு வரி. அதன் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். அன்றைக்கு மெஷின் மெதுவாக இருந்தது என்று வேறு இரண்டு பேரும் புகார் எழுதியிருக்கிறார்களாம். அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆர்டர் நிச்சயம் என்கிறார்.

மெஷின் சுற்றியது உண்மைதான், ஆனால் மூன்று மணிக்குத்தான் சுற்றியது. இரண்டிலிருந்து மூன்று வரை அதை நான் தொடவே இல்லை.

அத்தான், நான் ஒன்றும் தீர்க்கதரிசி வீட்டுப் பெண் இல்லை. பிளெசிக்குப் பல் முளைக்காத வயதைச் சொல்லி பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் வந்தவள்தான். ஆனாலும் பேனாவை எடுத்தால் கை நகரவில்லை. விசாரணை அன்று கொண்டுவந்து தருகிறேன் என்று தாளை வாங்கி வந்துவிட்டேன். போடவா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் போடுகிறேன். உடனே எழுதுங்கள். போனில் வேண்டாம், பூத்தில் அத்தனை பேர் நடுவில் இதைப் பேச முடியாது, நானும் அழுதுவிடுவேன். கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

வீட்டில் உங்கள் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தேன், பூஞ்சை பிடிக்கிறது. ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள்,
ஐவி

---

சைட் கேம்ப்
25 செப்டம்பர் 2004

ஐவி,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. பாலம் உடைந்து தபாலே இல்லை. உடனே எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். முப்பதுக்குள் வருமோ வராதோ. பூத்தும் தண்ணீருக்குள், ஒரு வாரமாக லைன் இல்லை.

கையெழுத்துப் போடு.

ஜெபம் பண்ணிவிட்டுப் போடு என்று எழுதி, அடித்துவிட்டேன். பார்த்திருப்பாய். ஜெபமெல்லாம் வேண்டாம், போடு. பாவம் என்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். நான் சபையில் உபவாசக் கமிட்டியில் இருந்தவன், இதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனால் ஐவி, மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் சில சமயம் உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவுக்கு வருவதில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தால் உன் அம்மாவின் குரல் வருகிறது. பயமாக இருக்கிறது.

நான் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு வரிப் பொய்யில் வர முடியும் என்றால் வருகிறேன். போட்டுவிடு.

கிதியோன்

---

திருமுல்கேரி
1 அக்டோபர் 2004

அத்தான்,

உங்கள் கடிதம் வரவில்லை. நேற்றுக் காலை தபால்காரர் வரும்வரை வாசலில் நின்றேன். மின்சார பில்லும் ராஜம் மாமிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான் வந்தன. அதனால் ஆட்டோ பிடித்து ஓடியும் விசாரணைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். புருஷோத்தமன் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "டெண்டரும் லேட்டு, நீங்களும் லேட்டாம்மா?" என்றார். எதிர்க் கம்பெனிக்காக மாதாப்பூரிலிருந்து மடிக்கணினியோடு ஒருவர் வந்திருந்தார், அவர் சிரித்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோற்றுவிட்டோம்.

வக்கீல் பெட்டி வாதத்தை நன்றாகத்தான் சொன்னார். புருஷோத்தமன் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லெட்டர எழுதி, தபால் பெட்டி வாயில வச்சுப் புடிச்சுக்கிட்டே நின்னா, போஸ்ட் பண்ணினதா ஆயிடுமா? கைய விடணுமில்ல?" என்றார். எனக்கே அது சரி என்று பட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் ஏத்திட்டு ஒரு மணி நேரம் ஏம்மா சும்மா ஒக்காந்திருந்தீங்க? மெஷின் ஏத்துக்கலையா?"

தாள் என் பையில் இருந்தது. வக்கீல் என் முழங்கையை இடித்தார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், கையெழுத்துகூட அப்புறம் போட்டிருக்கலாம்.

"இல்ல சார். என் வீட்டுக்காரர் போன் பண்றேன்னு சொல்லியிருந்தார். அதுக்காக ஒக்காந்திருந்தேன்" என்றேன்.

"எந்த போன்ல?"

"அங்கயே, மேஜை மேல இருக்கற போன்ல."

"நெட்டும் அதுலதான?"

"ஆமா சார்."

"நெட் போட்டிருந்தா போன் எப்பிடிம்மா அடிக்கும்?"

"அடிக்காது சார்."

"தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மடிக்கணினிக்காரர் மறுபடி சிரித்தார். புருஷோத்தமன் சார் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, "நீங்க சொன்னத நான் நம்பறேன்மா. அதனாலயே என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி எழுதிவிட்டார். வெளியே வந்ததும் வக்கீல், "அய்யோ மேடம், ஒரே ஒரு வார்த்த!" என்று தலையில் அடித்துக்கொண்டார். லால் பஜார் வரை நடந்தே வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை.

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்க்குப் பயந்து சொல்லவில்லை. அந்தத் தாளில் 'இரண்டு மணி முதல் விடாமல் முயன்றேன்' என்று இருந்ததே, அது என்னால் முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் உங்களுக்காகக் காத்திருந்த நேரம் அத்தான். தலையை வாரிக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு, போனில் யாருக்கும் முகம் தெரியாது என்று தெரிந்தும், உட்கார்ந்திருந்தேன். அதைக் கொண்டுபோய் ஒரு மெஷின் பெயரில் எழுதிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெபத்துக்காகக் காத்திருந்தேன் என்றுதான் உங்களுக்கு முதலில் எழுதினேன். ஜெபத்தை நான் தனியாகவே பண்ணியிருப்பேன், கர்த்தருக்கு என் பாஷை தெரியும். உங்கள் குரலைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முன்னால் நாம் பேசிய நாளெல்லாம் கட்டில், கம்பி, பெயிண்ட், விலை என்றே போனது. ஜெபம் பண்ணும்போது மட்டும் நீங்கள் மெதுவாகப் பேசுவீர்கள். என் பெயரைச் சொல்லிப் பேசுவீர்கள், 'ஐவியைக் காத்தருளும்' என்று. வேறு எப்போது சொல்கிறீர்கள் அப்படி?

திட்டுவதென்றால் திட்டுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரப்போவதில்லை என்று பிளெசிக்குச் சொல்லிவிட்டேன். "கைக்கு?" என்று காரணம் கேட்டாள். அம்மாவால்தான் என்றேன்.

ஐவி

பின்குறிப்பு, 5 அக்டோபர்: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. அடித்த வரியையும் படித்தேன். உங்கள் கடிதம் முந்தி வந்திருந்தால் நான் நிச்சயம் போட்டிருப்பேன். பிந்தி வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்வதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

---

சைட் கேம்ப்
18 அக்டோபர் 2004

ஐவிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். முதல் தடவை திட்டி எழுதினேன். ஒரு வார்த்தைதானே, தலையை ஆட்ட உன் கழுத்து என்ன தேய்ந்தா போயிருக்கும் என்று எழுதினேன். அப்படித்தான் நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேனேஜரிடம் போய் நவம்பரில் கிளம்பவில்லை என்று சொன்னேன். அவர் தோளில் தட்டி, அடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் கை மட்டும் நன்றாக நகர்ந்தது.

பிறகு நீ முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்ற இடத்தை மறுபடி படித்தேன். படித்துவிட்டு டவலை எடுத்துக்கொண்டு குளிக்கிற இடத்துக்குப் போனேன். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள்.

நான் அப்படி மெதுவாகப் பேசுவேன் என்பது எனக்கே தெரியாது. உன் பெயரைச் சொல்ல எனக்கு ஜெபம் ஒரு சாக்காக இருந்ததோ என்னவோ. எங்கள் அப்பாவும் எங்கள் அம்மா பெயரை ஜெபத்தில் மட்டும்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் வீட்டு ஆண்களுக்கு வேறு இடத்தில் வாய் திறக்காது போலிருக்கிறது. ஐவி. ஐவி. எழுதும்போது கஷ்டமாக இல்லை.

நடந்ததை விடு. இனி என்ன என்று பார்ப்போம். ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன், தருவார்கள் என்று நிச்சயம் இல்லை. கல்யாணமானவர்களுக்கு இங்கே ஓர் அறை வீடு கொடுக்கிறார்கள், எனக்கும் ஒன்று காலியாக இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூரை ஒழுகுகிறது, பக்கத்தில் கடை கிடையாது, பள்ளிக்கூடத்தில் பிளெசிக்கு ஒரு வார்த்தை புரியாது. உனக்குச் சரிவராது. ஷெட்டையும் யார் பார்ப்பது? நீ அங்கேயே தைரியமாக இரு. கொஞ்சம் பொறு. ஈஸ்டர் இல்லாவிட்டால் மே மாதம். கடிதம் எழுதிக்கொண்டே இரு, அது போதும்.

உன்,
கிதியோன்

---

திருமுல்கேரி
7 டிசம்பர் 2004

அத்தான்,

இத்தனை வாரம் பதில் இல்லை என்று கோபமாக இருப்பீர்கள். மூன்று முறை போன் பண்ணினீர்களாம், எங்கேஜ்டும் இல்லை, எடுப்பாரும் இல்லை என்று ராஜம் மாமி வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டீர்களாம். வீட்டில் இருந்தால்தானே எடுப்பேன்? அலைந்துகொண்டிருந்தேன்.

பொறு என்று எழுதியிருந்தீர்கள். பொறுத்தவர் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், ஓர் ஒழுகுகிற அறை போதும். உனக்குச் சரிவராது என்று எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான்தான் எதற்கெடுத்தாலும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டனை அழுத்தவா, கையெழுத்துப் போடவா என்று கேட்டுக் கேட்டு, உங்கள் பதில் ஒரு தடவைகூட நேரத்துக்கு வந்ததில்லை. உங்கள் தப்பு இல்லை. நமக்கு நடுவில் ஒயரும் ஆறும் இருக்கிறது. ஆனால் உங்கள் சரி என்ற சொல்லுக்காக இன்னொரு முறை என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே கேட்கவில்லை, சொல்கிறேன். ஷெட்டை ஆரோக்கியசாமி அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஜன்னல் கிரில் வேலை கொஞ்சம் வருகிறது, அது போதும் என்கிறார். உப்பல் பக்கம் புதுசு புதுசாக வீடு கட்டுகிறார்களே, ஜன்னல் இல்லாமலா கட்டுவார்கள்? வீட்டு ஓனரிடம் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டேன். பிளெசியின் பள்ளியில் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. அங்கே ஒரு வார்த்தை புரியாது என்றீர்கள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி எல்லாவற்றையும் கலந்தடிக்கிறவளுக்கு இன்னொன்று சேர்ந்தால் என்ன? "நீ அஸ்ஸாம் வரியாடி?" என்று கேட்டேன். "ஹவ்!" என்று தலையை ஆட்டிக் குதித்தாள். உங்கள் மேனேஜருக்குத் தனியாக எழுதி அந்த அறையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதினேன், தப்பில்லாமல் இருந்திருக்கும், சரி என்று பதில் போட்டுவிட்டார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், சொல்லவில்லை போலிருக்கிறது.

பெரிய தைரியத்தோடு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், உள்ளுக்குள் நடுக்கம்தான். ஷெட் சாவியை அண்ணனிடம் கொடுத்தபோது அழுதுவிட்டேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, நன்றாக நடக்கிற குடும்பத்தில் யாராவது காட்டுக்குப் போவார்களா என்கிறார். நன்றாக நடக்கிறது என்று யார் சொன்னது அப்பா என்று கேட்டேன்.

குக்கரையும் இரண்டு போர்வையையும் கட்டிவிட்டேன். கடுகெண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் தகரம் ஒன்று கொண்டுவருகிறேன். சிகந்திராபாத்திலிருந்து கௌஹாத்தி வண்டி நாளை மறுநாள். அங்கிருந்து உங்கள் ஊர் வண்டிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். நேரம் எழுத மாட்டேன், எழுதினால் ஸ்டேஷனில் வந்து காத்திருப்பீர்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தது போதும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள் அத்தான். எழுதினாலும் வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருக்காது.

ஐவி